வெயிலுக்கேற்ற கையில்லாச் சட்டையை உங்கள் அளவுக்கு நீங்களே தைத்துக்கொள்ளும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கோடை என்று தனியாக ஒரு பருவம் வந்து போவதில்லை. பிற்பகலில் இடிமழை கொட்டி ஓய்ந்த பிறகும் புழுக்கம் குறையாத இவ்வூர்களில், வீட்டு வேலைக்கும் மாலை நேரத்தில் வாசலில் உட்காருவதற்கும் கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டையைவிடப் பொருத்தமான உடை வேறில்லை. கடைத்தெருவிலும் பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையிலும் அவை மலிவாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பல பாலியஸ்டர் துணியால் ஆனவை. வியர்வையை உறிஞ்சாமல் உடம்போடு ஒட்டிக்கொள்பவை. கைக்குழியும் பெரும்பாலும் உள்ளாடை தெரியும் அளவுக்கு இறங்கியிருக்கும். நாமே தைத்துக்கொண்டால் இந்த இரண்டு குறைகளையும் தவிர்க்கலாம்.

நேர்கோட்டில் தைக்கத் தெரிந்த எவரும் இதைத் தைக்கலாம். கை இணைக்கும் வேலையோ, காலரோ, காஜாவோ, ஜிப்போ இதில் இல்லை. தையல் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். பொறுமை தேவைப்படுவது அளவெடுப்பதற்கும், தாளில் வரைவதற்கும், பழைய துணியில் ஒருமுறை வெட்டிப் பார்ப்பதற்கும்தான். இவற்றைத் தாண்டிக் குதித்து நேராக நல்ல துணியில் கத்தரிக்கோலை வைப்பவர்களின் சட்டைதான் பெரும்பாலும் அலமாரிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

துணியும் கருவிகளும்

முதல் சட்டைக்கு நெய்த பருத்தித் துணியையே தேர்ந்தெடுங்கள். பாப்ளின், கேம்பிரிக் ஆகியவை மேசையில் விரித்தால் நகராமல் படுத்திருக்கும். குறித்த கோட்டில் வெட்டலாம். வாயில் (voile) எனப்படும் மெல்லிய துணி இன்னும் குளிர்ச்சியானது என்றாலும் உள்ளே இருப்பது தெரியும் என்பதால், அடர்ந்த நிறத்தில் வாங்குவது நல்லது. ரேயான் அணிவதற்குச் சுகமானது. ஆனால் வெட்டும்போது வழுக்கிக்கொண்டே போகும் என்பதால் அதை இரண்டாவது சட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். டி-ஷர்ட்டுக்குரிய பின்னல் துணி எளிதாகத் தோன்றினாலும், அதற்கு முனை மழுங்கிய தனி ஊசியும் இழுபடும் தையலும் வேண்டும். சாதாரண நேர்த்தையல் அதில் இழுத்தவுடன் அறுந்துவிடும். ஆகவே புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

45 அங்குல அகலமுள்ள துணியில் ஒன்றரை மீட்டர் வாங்கினால், நடுத்தர உடலமைப்பு உள்ளவர்களுக்குச் சட்டைக்கும் கழுத்துப் பட்டிக்கும் தாராளமாகப் போதும். பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் தளர்வான உடை) தைத்து மிஞ்சிய பருத்தித் துணி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். மூட்டாத பாத்தேக் சாரோங் (மெழுகுச் சாயக் கோலமிட்ட கைலி) ஒன்று, ஏறக்குறைய 2 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அளவு அகலமும் கொண்டிருப்பதால், அதுவும் இதற்கு ஏற்றதே. ஆனால் சாரோங்கில் 'கெப்பாலா' எனப்படும் தலைப்புப் பகுதியின் கோலம் மற்றப் பகுதியிலிருந்து வேறுபட்டிருக்கும். அது முன்பக்கத்தின் நடுவில் நேராக இறங்க வேண்டுமா, முதுகுப் பக்கம் போக வேண்டுமா என்பதை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பாதி மார்பில் வந்து நின்றால் பார்க்க நன்றாக இராது.

எந்தத் துணியானாலும், வீட்டில் வழக்கமாகத் துவைப்பது போல ஒருமுறை துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். பருத்தி முதல் துவையலில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பாத்தேக் துணியைத் தனியாக ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போது ஒரு வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாமல் நிற்கும் வரை மீண்டும் அலசுங்கள்.

கருவிகளில் முக்கியமானது துணிக்கென்றே வைத்திருக்கும் கத்தரிக்கோல். அதைக்கொண்டு தாள் வெட்டினால் கூர் மழுங்கிவிடும். அளவு நாடா, நீண்ட அடிமட்டம், குண்டூசிகள், தையல் சுண்ணக்கட்டி, துணியின் நிறத்துக்கேற்ற பாலியஸ்டர் நூல், தையல் பிரிக்கும் சிறு கருவி ஆகியவையும் வேண்டும். மாதிரி வரைவதற்குப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மாஜோங் தாள் மிகவும் வசதியானது. பரப்பும் பெரிது, விலையும் குறைவு. ஊசியில் வாயில் போன்ற மெல்லிய துணிக்கு 11-ஆம் எண்ணும், பாப்ளின், சாரோங் போன்றவற்றுக்கு 14-ஆம் எண்ணும் பொருந்தும்.

தோட்டத்து வீடுகள் பலவற்றில் இன்னும் இருக்கும் கறுப்பு நிற மிதி இயந்திரம் இந்த வேலைக்குப் போதுமானது. நேர்த்தையலைத் தவிர வேறெதுவும் இங்கே தேவையில்லை. நெடுநாள் சும்மா இருந்த இயந்திரமானால், தையல் இயந்திர எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு, கழிவுத் துணியில் சிறிது நேரம் ஓட்டுங்கள். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு; அது நாளடைவில் பிசினாக இறுகி இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ளும். நூல் சரியாகக் கோக்கப்பட்டிருக்கிறதா என்பதை, தைக்கப்போகும் துணியின் துண்டை இரண்டாக மடித்துத் தைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 தையல்கள் விழ வேண்டும். மேல் நூலும் பாபின் நூலும் துணிக்கு நடுவில் சந்திக்க வேண்டும். அடிப்பக்கத்தில் நூல் சிக்கலாகக் குவிந்தால், பெரும்பாலும் மேல் நூல் சரியாகக் கோக்கப்படவில்லை என்றே பொருள்.

அளவெடுத்தல்

சட்டைக்குள் எந்த உள்ளாடையை அணியப்போகிறீர்களோ அதை அணிந்துகொண்டு அளவெடுங்கள். மார்பின் உயர்ந்த பகுதியைச் சுற்றிய அளவு, இடுப்புச் சுற்று, சட்டை முடியும் இடத்தில் உள்ள பிட்டச் சுற்று, கழுத்தடித் தோளிலிருந்து சட்டை முடிய வேண்டிய இடம் வரை உள்ள நீளம், ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை உள்ள அகலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றோடு தலைச் சுற்றையும் அளக்க வேண்டும். பொத்தானோ திறப்போ இல்லாத சட்டை தலைவழியாக நுழைய வேண்டும் என்பதால், கழுத்து வளையம் தலைச் சுற்றைவிடக் குறைந்தது ஓர் அங்குலமாவது பெரிதாக இருந்தாக வேண்டும்.

நாடாவை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஒரு விரல் உள்ளே போகும்படி விடுங்கள். முதுகுப் பக்கம் நாடா கீழே இறங்கிவிடாமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பதோ, வீட்டில் உள்ள அக்கா தங்கையிடம் பிடிக்கச் சொல்வதோ நல்லது.

தாளில் வரைதல்

மார்பு 36, பிட்டம் 38, தோள் அகலம் 14, நீளம் 23 அங்குலம் கொண்ட ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உங்கள் அளவை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே வரையும் கோடுகள் சட்டையின் முடிந்த அளவைக் குறிப்பவை. தையலுக்கான துணியைப் பின்னர் கூட்டுவோம்.

தாளின் இடப்பக்க ஓரத்தை நடுக்கோடாகக் கொள்ளுங்கள். துணியின் மடிப்பு அங்கேதான் வரும். மேலே அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதில் நடுக்கோட்டிலிருந்து 3.5 அங்குலத்தில் கழுத்துப் புள்ளியை வையுங்கள். 6 அங்குலத்தில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து முக்கால் அங்குலம் கீழே இறங்கினால் அதுவே தோள் முனை. முழுத் தோளில் பாதி 7 அங்குலம் என்றாலும், கையில்லாச் சட்டை தோள் முனையிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே நின்றால்தான் கையைத் தூக்கும்போது உறுத்தாது. இந்த இரு புள்ளிகளையும் இணைத்தால் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான தோள்பட்டை கிடைக்கும்; உள்ளாடைப் பட்டியை மறைக்க இது போதும்.

மேற்கோட்டிலிருந்து 8 அங்குலம் கீழே மார்புக் கோட்டைப் போடுங்கள். மார்பில் நான்கில் ஒரு பங்கான 9 அங்குலத்தோடு, தளர்வுக்காக ஓர் அங்குலம் கூட்டி, 10 அங்குலத்தில் புள்ளி வையுங்கள். 15 அங்குலம் கீழே இடுப்புக் கோட்டில் 9.25 அங்குலமும், 23 அங்குலம் கீழே அடிக்கோட்டில் பிட்டத்தின் கால் பங்கோடு ஓர் அங்குலம் சேர்த்து 10.5 அங்குலமும் குறியுங்கள். இடுப்பு உங்களுக்கு இன்னும் சிறியதாக இருந்தாலும் அங்கே அதிகம் உள்ளே போகாதீர்கள். திறப்பில்லாத சட்டையின் மிகக் குறுகிய பகுதியும் மார்பைத் தாண்டி இறங்கியாக வேண்டும். எடுத்துக்காட்டில் இடுப்பின் முழுச் சுற்று 37 அங்குலம் வருவதால் 36 அங்குல மார்பைத் தடையின்றிக் கடந்துவிடும். இந்தப் புள்ளிகளை மெல்லிய வளைவாக இணைத்தால் பக்கக் கோடு தயார்.

கழுத்துக்கு, முன்பக்கம் நடுக்கோட்டில் 6 அங்குலமும், பின்பக்கம் 2.5 அங்குலமும் இறங்குங்கள். வளைவு நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் அரை அங்குலமாவது அதற்குச் செங்குத்தாக ஓட வேண்டும். இல்லாவிட்டால், மடிப்பை விரிக்கும்போது வட்டக் கழுத்துக்கு நடுவே ஒரு கூர்முனை தோன்றும். கைக்குழியைத் தோள் முனையிலிருந்து நேராகக் கீழே தொடங்கி, பாதி வழியில் முன்பக்கத்துக்கு மட்டும் அரை அங்குலம் உள்ளே குடைந்து, பிறகு மார்புக் கோட்டின் 10 அங்குலப் புள்ளிக்கு வளைத்துக் கொண்டுவாருங்கள். கை முன்னோக்கியே அதிகம் அசைவதால் முன்பக்கத்தில் இந்தக் குடைவு தேவைப்படுகிறது, பின்பக்கத்தில் குடையாதீர்கள்.

முன், பின் தாள்களைத் தனித்தனியாக வெட்டிய பின், நாடாவை ஓரமாக நிறுத்திப் பிடித்துக் கழுத்து வளைவுகளை அளந்து, இரண்டையும் கூட்டி, இரண்டால் பெருக்குங்கள். மேற்கண்ட அளவுகளில் ஏறக்குறைய 24.5 அங்குலம் வரும். 22 அங்குலத் தலைக்கு இது தாராளம். குறைவாக வந்தால் முன்கழுத்தை இறக்குங்கள். அகலத்தைக் கூட்டினால் தோளிலிருந்து நழுவும். இரண்டு தாள்களின் தோள் கோடுகளும் பக்கக் கோடுகளும் ஒரே நீளத்தில் உள்ளனவா என்பதையும் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகைச் சட்டை

நைந்த கைலி அல்லது பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து, தோளிலும் பக்கத்திலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு, கழுத்திலும் கைக்குழியிலும் எதுவும் விடாமல் வெட்டி, இயந்திரத்தில் நீளமான தையலாகத் தைத்து அணிந்து பாருங்கள். கண்ணாடி முன் நிற்பது மட்டும் போதாது. கையைத் தூக்குங்கள், துணி காயப்போடுவது போல எட்டுங்கள், குனிந்து தரையிலிருந்து எதையாவது எடுங்கள். இந்த உடை செய்யப்போகும் வேலை அவைதான்.

அக்குளில் அறுப்பது போலிருந்தால், பேனாவால் புதிய கோடு வரைந்து, கால் அங்குலம் வெட்டி மீண்டும் பாருங்கள். கைக்குழியை எப்போதும் சிறிதாகத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்: குறைவாக வெட்டியதை மேலும் வெட்டலாம், அதிகமாக வெட்டியதை ஒட்ட முடியாது. தோள்பட்டை கழுத்தோரம் படிந்து, முனையில் தூக்கிக்கொண்டு நின்றால், தோள் சரிவைக் கால் அங்குலம் கூட்டுங்கள். குனியும்போது கழுத்து தொங்கி உள்ளே தெரிந்தால், முன்கழுத்தின் ஆழத்தை ஓர் அங்குலம் குறைத்து, தலை நுழைகிறதா என்று மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

மார்பு சற்று நிறைந்தவர்களுக்கு முன் கைக்குழி, அக்குளுக்கு அருகே வாய் பிளந்து நிற்பதே மிகப் பொதுவான சிக்கல். பக்கங்களைப் பிடித்து இறுக்கினால் இது தீராது; மார்பு இழுபடுமே தவிர பிளவு அப்படியே இருக்கும். அதற்கு மருந்து டார்ட், அதாவது துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைக்கும் பிடிப்பு. பிளந்து நிற்கும் துணியைக் கிள்ளிக் குண்டூசி குத்தி, கிள்ளிய அளவைக் குறியுங்கள். அரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மார்பின் உச்சிப் புள்ளியையும் துணிமீதே குறித்து, இரண்டையும் முன்பக்கத் தாளுக்கு மாற்றுங்கள். தாளில், கிள்ளிய இடத்திலிருந்து உச்சிக்கு ஒரு கோடும், அக்குளுக்கு 2 அங்குலம் கீழே பக்கக் கோட்டிலிருந்து உச்சிக்கு இன்னொரு கோடும் போட்டு, இரண்டையும் வெட்டுங்கள். உச்சியில் மட்டும் தாள் இற்றுப்போகாமல் ஒரு நூலளவு விட்டுவைக்க வேண்டும். மேலே கைக்குழியின் வெட்டை அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால், பக்கத்தில் உள்ள வெட்டு தானாகவே ஆப்பு வடிவில் திறந்துகொள்ளும். அடியில் ஒரு தாளை வைத்து ஒட்டினால், அந்தத் திறப்பே டார்ட். அதன் கூர்முனையை உச்சியிலிருந்து ஓர் அங்குலம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். உச்சி வரை கொண்டுபோனால் அங்கே துணி புடைத்து நிற்கும். கடைசியாக, டார்ட்டைத் தாளிலேயே கீழ்நோக்கி மடித்து, மடித்த நிலையில் பக்கக் கோட்டை வெட்டினால் ஓரம் சரியான வடிவில் அமையும்.

திருத்தங்கள் எல்லாவற்றையும் தாளுக்கு மாற்றிய பின், தாளில் பெயரையும் அளவுகளையும் எழுதிவையுங்கள். உடம்பு இளைத்தாலோ பெருத்தாலோ எங்கே மாற்றுவது என்று தெரிய இது உதவும்.

வெட்டுதல்

துணியை நீளவாக்கில், கரைக்கு (பிசிறாத நெசவு ஓரத்துக்கு) இணையாக, மடிப்பின் அகலம் 12 அங்குலம் இருக்கும்படி ஒரு பக்கம் மட்டும் மடியுங்கள். முன்பக்கத் தாளையும் பின்பக்கத் தாளையும் அந்த மடிப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, நடுக்கோடு மடிப்போடு ஒட்டியிருக்கும்படி குண்டூசி குத்துங்கள். தாளைச் சுற்றித் தோளிலும் பக்கத்திலும் அரை அங்குலம், கழுத்திலும் கைக்குழியிலும் கால் அங்குலம், அடியில் ஓர் அங்குலம் என்று சுண்ணக்கட்டியால் குறித்து, அந்த வெளிக்கோட்டில் வெட்டுங்கள். சாரோங்கில் கோலத்துக்காகத் துணியைக் குறுக்காகப் பயன்படுத்த நேர்ந்தால் குற்றமில்லை. ஆனால் முன், பின் இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

மீந்த ஒற்றைத் துணியிலிருந்து கிராஸ் பட்டி வெட்ட வேண்டும். நெய்த துணி நேராக இழுபடாது, மூலைவிட்டமாக இழுத்தால் இழுபடும். வளைவான ஓரத்தில் சுருக்கமின்றிப் படிவதற்கு அந்த இழுபாடே காரணம். துணியின் வெட்டு ஓரத்தைக் கரையின்மேல் மடித்தால் கிடைக்கும் 45 பாகை மடிப்புக்கு இணையாக, ஓர் அங்குல அகலத்தில் பட்டிகளைக் குறித்து வெட்டுங்கள். ஒவ்வொரு கைக்குழிக்கும் 19 அங்குலமும், கழுத்துக்கு 26 அங்குலமும் வேண்டும். நீளம் போதாவிட்டால் இரண்டு பட்டிகளின் முனைகளைச் செங்கோணமாக வைத்து, குறுக்காகத் தைத்து இணைக்கலாம். பிறகு, ஒரு நீள ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். தேய்த்தால் பட்டி நீண்டு மெலிந்துவிடும்.

தைத்தல்

வெட்டிய உடனே, வேறெதற்கும் முன்பாக, முன், பின் கழுத்து வளைவுகளில் ஓரத்திலிருந்து எட்டில் ஓர் அங்குலம் தள்ளி ஒற்றைத் தையல் ஒன்றை ஓட்டிவிடுங்கள். கையாளக் கையாளக் கழுத்து நீண்டு தொய்வதை இது தடுக்கும். டார்ட் இருந்தால் அடுத்து அதைத் தையுங்கள்: அகன்ற முனையில் தொடங்கிக் கூர்முனையில் முடித்து, அங்கே பின்தையல் போடாமல் இரண்டு நூல்களையும் கையால் முடிச்சிட்டு, கீழ்நோக்கி இஸ்திரி போடுங்கள்.

தோளையும் பக்கங்களையும் உள்மடிப்புத் தையலாகத் தைக்கும்படி பரிந்துரைக்கிறேன். ஓவர்லாக் இயந்திரம் இல்லாத வீட்டில், அடிக்கடி துவைக்கப்படும் ஒரு சட்டைக்கு அதுவே நீடித்து உழைக்கும். இரண்டு துண்டுகளின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, அதாவது நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து, கால் அங்குலத்தில் தையுங்கள். ஓரத்தைப் பாதியாக நறுக்கி, திருப்பி, நல்ல பக்கங்கள் உள்ளே போகும்படி மடித்து, மறுபடியும் கால் அங்குலத்தில் தையுங்கள். பிசிர் முழுவதும் நடுவில் அடைபட்டுவிடும். விட்டிருந்த அரை அங்குலமும் சரியாகச் செலவாகிவிடும். முதலில் தோள்களை மட்டும் தைத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழுத்துப் பட்டியின் மடிக்காத ஓரத்தைக் கழுத்தின் ஓரத்தோடு, நல்ல பக்கத்தின்மேல் நல்ல பக்கமாக வைத்துக் குண்டூசி குத்துங்கள். தொடக்கத்தைத் தோள் தையலுக்கு அருகே பின்பக்கத்தில் வைத்தால் இணைப்பு கண்ணில் படாது; தொடக்க முனையை அரை அங்குலம் மடித்துவைத்து, முடிவு முனையை அதன்மேல் ஏற்றிவிடலாம். வளைவு அதிகமுள்ள இடங்களில் பட்டியை மிகச் சற்றே இழுத்துப் பிடியுங்கள்; அப்போதுதான் கழுத்து உடம்பை ஒட்டிப் படுக்கும். அதிகம் இழுத்தால் சுருங்கிவிடும். கால் அங்குலத்தில் சுற்றித் தைத்த பின், வளைவில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு வெட்டுகள் கொடுங்கள். தையலை வெட்டிவிடாமல் அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். இனிப் பட்டியை முழுவதுமாக உள்பக்கம் திருப்பி, தையல் கோடு வெளியில் எட்டிப்பார்க்காதபடி விரலால் உருட்டி, இஸ்திரி போட்டு, மடிப்போரத்தை ஒட்டித் தையுங்கள். வெளியில் தையல் தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைக் கையூசியால் தைக்கலாம். வாயில் துணிக்கு அதுதான் அழகு.

பிறகு பக்கங்களைத் தையுங்கள். அக்குளில் முன், பின் ஓரங்கள் சந்திக்கும் புள்ளியைக் குண்டூசியால் முதலில் பிடித்துவிட்டு, அங்கிருந்து கீழே தைத்துக்கொண்டு போனால் ஏதேனும் ஏற்ற இறக்கம் வந்தாலும் அடி ஓரத்தில் நறுக்கிவிடலாம். கைக்குழிகளுக்கும் கழுத்தைப் போலவே பட்டி வைக்க வேண்டும். இணைப்பு பக்கத் தையலுக்கு அருகே வரட்டும். உள்மடிப்புத் தையல்கள் சந்திக்கும் தடித்த இடங்களில் இயந்திரம் திணறும். மின்சார இயந்திரமானாலும் அங்கே மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் உருட்டிக் கடந்தால் ஊசி ஒடியாது.

அடி ஓரத்தை மடிப்பதற்கு முன், சட்டையை அணிந்து, ஓரம் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். மார்பு நிறைந்தவர்களுக்கு முன்பக்கம் சற்றுத் தூக்கியிருக்கும், அப்போது பின்பக்கத்தில் சிறிது நறுக்கலாம். சரியென்று பட்டதும் கால் அங்குலம் ஒருமுறையும், முக்கால் அங்குலம் இன்னொரு முறையும் மடித்து, இஸ்திரி போட்டு, மடிப்போரத்தில் சுற்றித் தையுங்கள். தொங்கும் நூல்களை வெட்டி, முழுச் சட்டையையும் உள்பக்கத்திலிருந்து ஒருமுறை இஸ்திரி போட்டுவிட்டால் அணியலாம். நிறமுள்ள துணியானால், துவைத்தபின் உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள்; நம் ஊர் நண்பகல் வெயில் பாத்தேக் சாயத்தை விரைவில் வெளிறச் செய்துவிடும்.